மெட்டுக்கு மேலே கேதம் சொல்ல

கம்பம்

தாத்தாவின் கருமாதி முடிந்து, வந்த சனமெல்லாம் கிளம்பிப் போன மறுநாள், அப்பத்தா என்னைக் கூப்பிட்டு அவருடைய தகரப் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். இரண்டு வேட்டி, ஒரு கருப்புக் கம்பளி, மழைக்குத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் படங்கு, பிடி தேய்ந்துபோன வாக்கத்தி, அடியில் 40 பக்க நோட்டு ஒன்று. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஏழு பெயர்களும் ஏழு தொலைபேசி எண்களும் பென்சிலில் எழுதியிருந்தன.

"மேல உள்ளவுக. இவுகளுக்கெல்லாம் யாருடா சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் 'மேல' என்றால் மலைக்கு மேலே, கேரளத்து ஏலத்தோட்டம். 'மேல போயிருக்காக' என்றால் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்தேன். ஐந்து எண்கள் உபயோகத்தில் இல்லை. ஒன்றை யாரோ ஒரு கோழிக்கோட்டுக்காரர் எடுத்தார். இன்னொன்றில் மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை.

"போன்ல சொல்ற சேதியாடா இது? நேர்ல போயிச் சொல்லிட்டு வா. அவரு எத்தன பேரு கேதத்துக்கு ஏறி எறங்கியிருக்காரு" என்றாள். பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தது. சென்னைக்குத் திரும்ப எடுத்திருந்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு மறுநாள் விடிகாலை கிளம்பினேன்.

விடிகாலை என்றால் நாலரை மணி. கம்பத்துக்கு வெளியே இருக்கிறவர்கள் அந்த நேரத்தில் எங்கள் ஊரைப் பார்த்ததில்லை. கம்பம்மெட்டு ரோடு பிரிகிற இடத்தில் வரிசையாக ஜீப்புகள். தூக்குவாளியும் கையுமாகப் பெண்கள். சேலைக்கு மேல் ஆம்பளை முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, இடுப்பில் மடித்துச் செருகிய பிளாஸ்டிக் தாள். ஜீப்புக்குள் எத்தனை பேர் உட்கார முடியுமோ அதற்கு மேல் ஐந்தாறு பேர். இப்படி ஒவ்வொரு நாளும் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் தேவாரம், போடியிலிருந்தும் ஆயிரக்கணக்கில் மலை ஏறுகிறார்கள். பொழுது சாய்ந்தபின் இறங்குகிறார்கள். எட்டு மணிக்கு எழுந்து பத்து மணிக்கு அலுவலகம் போகிற என்னுடைய சென்னை நாளை நினைத்துக்கொண்டேன்.

தாத்தா 1946-ல் முதல் தடவை மேலே போனபோது அவருக்கு வயது 14. ஜீப் கிடையாது. கோம்பைக்குப் போய் அங்கிருந்து ராமக்கல்மேட்டுக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையில் நடை. தலையில் வாரத்துக்கான கேப்பை மாவும் கருவாடும். ஞாயிறு ஏறினால் சனி இறங்குவார்; மற்ற நாளெல்லாம் தோட்டத்து லயத்தில்தான் படுக்கை. அப்படி அறுபது வருஷம். 74 வயதில் முழங்கால் விட்டுப் போனதால் நிறுத்தினார். அதற்குள் ஐந்து பிள்ளைகளைக் கரையேற்றி, ஊரில் 60 சென்ட் வாங்கித் திராட்சைப் பந்தல் போட்டுவிட்டார். 92 வயதில், டிசம்பர் மாதக் குளிரில், தூக்கத்தில் போனார். கல்யாணச் சாவு என்று மேளம் வைத்துத்தான் எடுத்தோம்.

ஜீப்பில் எனக்கு ஓரத்தில் இடம் விட்ட அம்மா, "யாரு வீட்டுப் பிள்ள நீங்க?" என்று கேட்டார். தாத்தாவின் பெயரைச் சொன்னேன். "ஸ்டோர்க்காரரு பேரனா!" என்று அவர் சத்தமாகச் சொன்னதும் உள்ளேயிருந்த நாலைந்து தலைகள் என் பக்கம் திரும்பின. ஊரில் எனக்கு அவர் 'பந்தல்காரர்' வீட்டுத் தாத்தா. ஸ்டோர்க்காரர் என்று ஒரு பெயர் அவருக்கு இருந்ததே அன்றைக்குத்தான் தெரியும்.

அடிவாரம்

ஊரைத் தாண்டினால் இரண்டு பக்கமும் தென்னையும் திராட்சையும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வருஷம் முழுக்கக் காய்க்கிற கொடி அது. ஒரு பந்தலில் அறுவடை நடக்கும்போது அடுத்த பந்தலில் கவாத்து நடக்கும். இருட்டில் பந்தல்கள் தெரியவில்லை, ஈர மண் வாசனைதான் வந்தது. அந்த ஈரம் முல்லைப் பெரியாறு தந்தது. மேற்கே போய்க் கடலில் கலக்கவிருந்த ஆற்றை 1895-ல் மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிவிட்டார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணீரில் விளைகிறது.

எங்கள் வீட்டுச் சாமி மாடத்தில் முருகனுக்குப் பக்கத்தில், அந்த அணையைக் கட்டிய பென்னிகுயிக் படம் இருக்கிறது. இதைச் சென்னையில் சொன்னால் நம்ப மாட்டார்கள். மீசை வைத்த வெள்ளைக்கார இஞ்சினியருக்கு என் அப்பத்தா தினமும் விளக்குக் காட்டுகிறாள். தாத்தா அதில் ஒரு வார்த்தை சேர்ப்பார்: "தண்ணி மேல இருந்து எறங்குது. நாம கீழ இருந்து ஏறுறோம். ரெண்டும் நிக்கக் கூடாது."

வளைவுகள் தொடங்கியதும் பேச்சு நின்றது. பெண்கள் பலரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து கண்ணை மூடிவிட்டார்கள். வீட்டில் மூன்று மணிக்கு எழுந்து சோறு பொங்கி, பிள்ளைகளுக்கு எடுத்து வைத்துவிட்டு வந்தவர்கள். எதிரே பஸ்கள் வரவில்லை. எங்களுக்குப் பின்னால் சரம் கட்டின மாதிரி விளக்குகள். சபரிமலை சீசனில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, குமுளி, லோயர் கேம்ப் வழியாக இறக்குகிறார்கள். நானும் அப்படியே ஏறி அப்படியே இறங்குவதென்று முடிவு செய்திருந்தேன்.

பாதி மலையில் காற்று மாறியது. கீழே முள்ளும் வறண்ட மரமும் இருந்த இடத்தில் இப்போது மூங்கில், பிறகு பனி. ஓட்டுநர் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டினார்.

கம்பம்மெட்டு

மெட்டில் இரண்டு சாவடிகள். தமிழ்ப் பலகை முடிகிற இடத்தில் மலையாளப் பலகை தொடங்குகிறது. காய்கறி லாரிகள் வரிசையில் நின்றன: கம்பத்துத் தக்காளி, கத்தரி, முருங்கை, வைக்கோல், பால் கேன்கள். இங்கிருந்து மேலே போகாத பொருள் இல்லை. திருவிதாங்கூர் ராஜ்யமும் சென்னை மாகாணமும் இருந்த காலத்திலேயே இது எல்லைதான். இந்த இடத்தைத் தாத்தா கடைசிவரை 'சவுக்கை' என்றே சொல்வார். அது திருவிதாங்கூர் சுங்கச் சாவடிக் காலத்துச் சொல். 1956-ல் மாநிலங்கள் பிரிந்து தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போனபோது அவருக்கு 24 வயது. வேலைக்குப் போகும் பாதை மாறவில்லை.

நோட்டில் முதல் பெயர் இங்கே சாயாக்கடை வைத்திருக்கிறவர். கடையைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. எழுபதைத் தாண்டிய மனிதர், பாதித் தமிழ் பாதி மலையாளம். அவருடைய அப்பா இதே இடத்தில் ஓலைக் கொட்டகையில் கடை வைத்திருந்தாராம். விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த சாயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கட்டன், சர்க்கரை இல்லாம. ஒரு பழம்பொரி. அதுல பாதியத் தின்னுட்டு மீதிய இலையில மடிச்சுக்கும். யாருக்குன்னு கேட்டா, கீழ பேரன் இருக்கான்னு சொல்லும்."

அந்தப் பேரன் நான்தான். சனிக்கிழமை ராத்திரி அவர் மடியிலிருந்து வரும், வாழையிலை வாசம் ஏறிய அந்த இனிப்புப் பழத்துண்டை எங்கே வாங்குகிறார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. மீதி பாதி என்பதும் தெரியாது.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை முற்றியபோது, கீழேயிருந்து ஆயிரக்கணக்கில் சனம் இந்த மெட்டை நோக்கி நடந்து வந்தது. மேலே தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் பயந்து மூட்டை கட்டி இறங்கினார்கள். கடைக்காரர் அதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்தப் பக்கமும் பயம், அந்தப் பக்கமும் பயம். ஏலக்கா செடியில பழுத்து உதுந்துச்சு. எடுக்க ஆள் இல்ல." அந்த நாட்களில் தாத்தா, அப்போது 79 வயது, வீட்டுத் திண்ணையில் மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று நான் கேட்டேன். "தண்ணி நமக்கு வேணும். அதுல ரெண்டு பேச்சு இல்ல. ஆனா காய் உதுருதேடா" என்றார்.

அதைவிட மோசம் 2020 மார்ச். ஊரடங்கில் சாவடிகள் மூடின. வண்டி இல்லாமல், தோட்டத்திலிருந்து காட்டுப் பாதையில் நடந்து இறங்கியவர்கள் போடிக்குப் பக்கம் ராசிங்காபுரத்தில் காட்டுத் தீயில் சிக்கினார்கள். ஒரு பச்சைக் குழந்தையும் செத்துப்போனது. அந்தப் பாதைகளையெல்லாம் கால் தடத்தாலேயே அறிந்திருந்த தாத்தா அந்தச் செய்தி கேட்ட ராத்திரி சாப்பிடவில்லை.

கடைக்காரர் என்னிடம் காசு வாங்க மறுத்தார். பழம்பொரி ஒன்றை இலையில் மடித்துக் கையில் கொடுத்தார்.

கூட்டார்

மெட்டிலிருந்து நெடுங்கண்டம் போகும் ரோட்டில் கூட்டார். இறங்கி, ஏலக்காட்டுக்குள் ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் குறைந்தது. மேலே பெருமரங்களின் நிழல், கீழே ஆளுயரத்துக்கு மேல் ஏலத் தட்டைகள். ஏலத்துக்கு நேர் வெயில் ஆகாது. காட்டை அழிக்காமல் அதன் அடியிலேயே செய்கிற பயிர். மரம் இல்லாத இடங்களில் பச்சை வலை கட்டியிருந்தார்கள். முந்தின கோடையில், 2024-ல், மழை பொய்த்து இடுக்கியில் ஏலச்செடிகள் கூட்டம் கூட்டமாகக் காய்ந்தன. கருகின தூர்கள் அங்கங்கே இன்னும் நின்றன.

காய் எடுப்பு நடந்துகொண்டிருந்தது. ஜீப்பில் என்னோடு வந்த அம்மாவே அங்கே இருந்தார். நான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு தரையாகப் படரும் சரத்தில் காய்க்கிறது. அதனால் நாள் முழுக்கக் குந்தி, நகர்ந்து, குந்தி. ஒரே சரத்தில் பழுத்தது, முற்றியது, பிஞ்சு, பூ எல்லாம் இருக்கும். முற்றியதை மட்டும் இரண்டு விரலால் பிடித்து லேசாகத் திருக வேண்டும். சரம் அசைந்தால் பூ உதிரும், அடுத்த மாதக் காய் போச்சு. அந்த அம்மா ஒரு காயைப் பிளந்து காட்டினார், விதை கருகருவென்று இருந்தது. "இதான் பதம். வெள்ளையா இருந்தா பிஞ்சு, எடை நிக்காது." அவருடைய விரல் நுனிகள் காயின் கறை பட்டுக் கறுத்திருந்தன. மேலே போன காலமெல்லாம் தாத்தாவின் விரல்கள் ஏன் கறுத்தே இருந்தன என்று எனக்கு அப்போது புரிந்தது. பத்து நிமிஷம் குந்தியிருந்துவிட்டு நான் எழ முயன்றபோது முழங்கால் பிடித்துக்கொண்டது.

வீடு மேட்டில் இருந்தது. நோட்டில் இரண்டாவது பெயர் இந்தத் தோட்டத்து முதலாளியுடையது. அவர் இறந்து பதினோரு வருஷம் ஆகிறது. தாத்தா பெயரை அடிக்கவில்லை. வாசலில் வெள்ளைச் சட்டையும் முண்டும் உடுத்தி உட்கார்ந்திருந்த அவருடைய மனைவிக்கு 86 வயது. இங்கே எல்லோரும் அவரை அம்மச்சி என்கிறார்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் அம்மாவை அம்மாச்சி என்போம். ஒரு நெடில்தான் வித்தியாசம்.

நான் யாரென்று சொல்லி முடிப்பதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மூணு ஞாயறாழ்ச்ச விளிச்சில்ல. அப்போளே எனிக்கு மனசிலாயி, மோனே."

எனக்கு எதுவும் விளங்கவில்லை. அவருடைய மருமகள்தான் விளக்கினார். முதலாளி இறந்த பிறகு, ஒவ்வொரு ஞாயிறும் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தாத்தா போன் செய்வாராம். மழை எப்படி, எத்தனை தட்டை புதுசாக நட்டீர்கள், ஸ்டோருக்கு விறகு காய்ந்திருக்கிறதா, புற்றடியில் ஏலம் என்ன விலை போச்சு. ஐந்து நிமிஷம். அம்மச்சிக்குக் காது மந்தம். மற்ற நேரங்களில் போன் மேஜை இழுப்பறைக்குள் அடித்து ஓயும். ஞாயிறு நாலே முக்காலுக்கு மட்டும் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். எடுக்க ஆளில்லாமல் மணி அடித்துக்கொண்டே இருந்த அந்த எண் இதுதான்.

1958-ல் கல்யாணமாகிப் பாலாவிலிருந்து இந்த மலைக்கு வந்தபோது அவருக்கு இருபது வயது. மத்திய திருவிதாங்கூர்க் குடும்பங்கள் நிலம் தேடி மலைக்கு வந்துகொண்டிருந்த காலம். யானைக்குப் பயந்து மரத்து மேல் ஏறுமாடம் கட்டித்தான் முதல் வருஷம் தூங்கினார்களாம். கணவருக்கு ரப்பர் தெரியும், கப்பை என்கிற மரவள்ளி தெரியும், ஏலம் தெரியாது. பன்னிரண்டு வருஷமாக வேறு தோட்டத்தில் ஏலவேலை பார்த்துவிட்டு வந்த கம்பத்து இளைஞன்தான் நிழல் எவ்வளவு வேண்டும், தட்டையை எப்படிப் பிரித்து நட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தான். "அண்ணாச்சி படிப்பிச்சதா எல்லாம்" என்றார் அம்மச்சி. சம்பளம் வாங்குகிறவன் படிப்பித்தான் என்று ஒரு முதலாளியம்மா வாயால் சொல்லக் கேட்டது எனக்குப் புதுசு.

பிறகு ஸ்டோருக்குக் கூட்டிப் போனார், ஊன்றுகோலோடு. ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தை எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பறித்த அன்றே காய் உள்ளே போக வேண்டும். 45, 50 டிகிரிச் சூட்டில் ஒரு ராத்திரியும் பகலும். சூடு ஏறினால் காய் வெடிக்கும், குறைந்தால் பச்சை நிறம் போய் வெளுக்கும், நிறம் போனால் விலை போச்சு. ஐந்து கிலோ பச்சைக் காய் ஒரு கிலோ உலர்ந்த காயாகும். இப்போது இங்கே மின் பொறியும் வெப்பமானியும் இருக்கின்றன. அந்தக் காலத்தில் விறகு அடுப்பும் இரும்புக் குழாயும்தான். தாத்தா கதவுக்கு வெளியே படுத்துக்கொள்வார். மணிக்கு ஒரு தரம் எழுந்து, கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, விறகைத் தள்ளுவார் அல்லது இழுப்பார். பழைய மரக்கதவை அவர்கள் மாற்றவில்லை. நெஞ்சு உயரத்தில் ஓரிடம் மட்டும் எண்ணெய் தேய்த்த மாதிரி வழவழவென்று இருந்தது. அங்கே என் உள்ளங்கையை வைத்தேன். மரம் வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே காய் உலர்ந்துகொண்டிருந்தது.

எண்பதுகளின் கடைசியில் கட்டப்பனை விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தன் குடும்பப் பெயரில் கொண்டுவந்த 'ஞள்ளானி' ரகம் ஏலமலையையே மாற்றிவிட்டது. விளைச்சல் பல மடங்கு ஏறியது. இந்தத் தோட்டத்துக்கு அதன் தட்டையை முதலில் சாக்கில் கட்டித் தோளில் கொண்டுவந்து நட்டது தாத்தாதான் என்றார் அம்மச்சி. 2019-ல் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய்வரை போய், இரண்டே வருஷத்தில் ஆயிரத்துக்குக் கீழே இறங்கியதையும் சொன்னார். விலை உச்சியில் இருந்தபோது தாத்தா போனில் சொன்னது ஒன்றுதானாம்: "கடன் வாங்கி நடாதீக."

மத்தியானம் கப்பையும் மீன் கறியும் போட்டார்கள். குடம்புளி போட்ட காரக் குழம்பு. எங்கள் வீட்டில் மீன் குழம்புக்கு மாங்காயும் புளியும். கூடக் களியோ சோறோ. ஆனால் தாத்தா ஊரில் இருக்கும்போது சந்தையில் மரவள்ளி தேடி வாங்கி வந்து அவித்து, பச்சை மிளகாயை உப்போடு நசுக்கித் தொட்டுச் சாப்பிடுவார். ஏழைச் சாப்பாடு என்று நாங்கள் நினைத்தோம். அவர் தன்னுடைய இன்னொரு வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்கிறார்.

மூன்றாவது பெயர், ஸ்டோரில் அவருக்குத் துணையாக இருந்தவர், நாலு வருஷம் முன்பே போய்விட்டார். அவருடைய கேதம் தாத்தாவுக்கு வந்ததா என்று கேட்டேன். வந்தது, தாத்தா அன்று நடக்க முடியாமல், ஜீப்பில் தூக்கி வைத்துக் கொண்டுவரப்பட்டு, மாலை போட்டுவிட்டுப் போனாராம். அப்போது நான் எங்கே இருந்தேன்?

தூக்குப்பாலம்

தூக்குப்பாலம் கடைத்தெருவில் இரண்டு பெயர்கள். மளிகைக்கடைக்காரர் கடையை மூடிவிட்டுக் கோட்டயத்தில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார்; முகவரி யாருக்கும் தெரியவில்லை. இன்னொருவர் நாற்பது வருஷம் காய் எடுத்த தமிழ்ப் பெண்மணி. மகள் வீட்டில் இருக்கிறார். செய்தியைச் சொன்னதும் முதலில் அவர் கேட்டது, "கஷ்டப்படாமப் போனாரா?" என்று.

"தூக்கத்துல போயிட்டாரு."

"நல்ல சாவு." கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "கோவக்காரரு. ஒருநா எம்புள்ளைக்குக் காச்சல். அவசரத்துல பிஞ்சையும் சேத்துப் பறிச்சுப்பிட்டேன். கூடையக் கவுத்துப் போட்டு எல்லாருக்கும் காட்டுனாரு. அரை நாள் கூலி வெட்டுனாரு. காச்சல்னு சொன்னேன். கேக்கல."

நான் என்ன சொல்வது? தாத்தாவுக்காக நான் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்குச் சொல்லலப்பா. நடந்தது, சொன்னேன்" என்றார். பின்னாளில் தாத்தா அதைச் சரிசெய்தார் என்று எங்கேயாவது கதை முடியுமா என்று காத்திருந்தேன். முடியவில்லை. காய்க்கு அவர் காட்டிய கரிசனத்தை அன்றைக்கு அந்தப் பெண்ணுக்குக் காட்டவில்லை. உழைப்பாளியாக இருந்தவரை நான் குறையே இல்லாதவராக்கிப் பார்க்க விரும்பவில்லை. அவரும் விரும்பியிருக்க மாட்டார். ஆனாலும் அந்தப் பெண்ணின் பெயரும் எண்ணும் அவருடைய நோட்டில் இருந்தன. மேலே வேலை செய்த நூற்றுக்கணக்கான பேரில் ஏழு பேரை எழுதியவர் இவரையும் எழுதியிருக்கிறார்.

ராமக்கல்மேடு

ராமக்கல்மேட்டில் யாருக்கும் கேதம் சொல்ல வேண்டியதில்லை. அவர் ஏறி வந்த பாதையின் தலைமாட்டைப் பார்க்க வேண்டும் என்று போனேன். சுற்றுலாக்காரர்கள் குறவன் குறத்தி சிலையோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. நிற்க விடாத காற்று.

பாறை விளிம்பில் நின்றால் நிலம் சட்டென்று முடிகிறது. கீழே, வெகு கீழே, கோம்பை, தேவாரம், உத்தமபாளையம், கம்பம். பச்சைக் கட்டமாக வயல், சாம்பல் கட்டமாக வீடுகள். இங்கே பனி, அங்கே வெயில். பதினாலு வயதுப் பையன் முதல் தடவை ஏறி வந்து, தலைச்சுமையை இறக்கிவிட்டு, திரும்பிப் பார்த்தபோது இதைத்தான் பார்த்திருப்பான். ஒவ்வொரு வாரமும் வீட்டைப் பார்த்துக்கொண்டே இறங்குவேன் என்று அவர் சொன்னபோது பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். நிஜமாகவே தெரிகிறது.

சாயாக்கடைக்காரர் கொடுத்த பழம்பொரியில் பாதியை அங்கே சாப்பிட்டேன்.

புற்றடி, குமுளி, லோயர் கேம்ப்

திரும்பும் வழியில் இன்னும் இரண்டு பெயர்கள். செட்டுக்குழியில் இருந்த ஜீப்காரர், தாத்தாவுக்கு இரண்டு மாதம் முன்பே இறந்திருக்கிறார். அந்தக் கேதம் எங்களுக்கு வரவில்லை. ஐந்து எண்கள் செத்துப்போனால் இப்படித்தான். புற்றடியில், நறுமணப் பயிர் வாரியத்தின் ஏலம் நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு வியாபாரியிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கடைசி ஆள் இருந்தார். அவரிடம் நான் அதிக நேரம் இருக்கவில்லை, ஏலம் நடந்துகொண்டிருந்தது. போடியிலும் இங்கேயும் மாறி மாறி ஏலம் போடுகிறார்கள். வரிசையாகக் கணினிகள், தட்டுகளில் மாதிரிக் காய்கள். அவர் ஒரு தட்டிலிருந்து நாலு காயை எடுத்து என் கையில் போட்டு, "உங்க தாத்தா காய்னா வியாபாரிக மூந்து பாக்காமலே எடுப்பாக" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.

குமுளி இறங்கி லோயர் கேம்ப் வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பென்னிகுயிக் மணிமண்டபத்தில் பொங்கலுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். ஜனவரி 15 அவருடைய பிறந்த நாள். 1841-ல் புனேயில் பிறந்தவர், 1911-ல் இங்கிலாந்தில் இறந்தார். அரசு இந்த மண்டபத்தை 2013-ல் திறந்தது. 2022-ல் அவருடைய ஊரான கேம்பர்லியிலும் தமிழ்நாடு அரசு சிலை வைத்தது. பொங்கலன்று பள்ளத்தாக்குச் சனம் இங்கே பானை வைக்கும். தண்ணீர் கொடுத்தவனை 130 வருஷம் கழித்தும் வீட்டுப் பெரியவராக வைத்து நினைக்கிற மண் இது. அதில் எனக்குப் பெருமைதான்.

ஆனால் அந்தத் தண்ணீர் எல்லா வீட்டுக்கும் சோறு போடவில்லை. நிலம் இல்லாதவன் மலை ஏறினான். இந்தியாவில் விளையும் ஏலத்தின் பெரும்பங்கு இடுக்கியில் விளைகிறது. அதை நட்டதும் எடுத்ததும் உலர்த்தியதும் பெரும்பாலும் இந்தப் பள்ளத்தாக்கின் கைகள். ஏறும்போதும் இறங்கும்போதும் நான் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். அவர்களுக்கென்று ஒரு நடுகல்லோ பெயர்ப்பலகையோ என் கண்ணில் படவில்லை. கம்பம்மெட்டில், இரண்டு சாவடிகளுக்கும் நடுவே, மழைக்கு ஒதுங்க ஒரு கூரையும் உட்கார ஒரு திண்ணையும் அவர்கள் நினைவாக இரண்டு மாநிலமும் சேர்ந்து கட்டலாம். நாலரை மணி ஜீப்புக்காரர்களுக்கு அது உதவும்.

கம்பம்

ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அப்பத்தா தூங்கவில்லை. ஏழு பெயரையும் ஒவ்வொன்றாகக் கேட்டாள். மூன்று பேர் இல்லை, ஒருவர் எங்கே என்று தெரியவில்லை, மூன்று பேரிடம் சொன்னேன் என்றேன். முதலாளி வீட்டில் அம்மச்சியிடம் சொன்னதை முதலில் சொல்லியிருக்க வேண்டும், கடைசியில் சொன்னேன். ஞாயிறு ஐந்து மணி போனைப் பற்றியும்.

"ஐஞ்சு மணிக்குத் திண்ணைக்குப் போயிருவாரு. பேரப்பிள்ளைககிட்டப் பேசறாருன்னு நெனச்சேன்" என்றாள்.

மீதிப் பாதிப் பழம்பொரியைக் கொடுத்தேன். வாழையிலையைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டாள். அந்த எண்ணைப் பெரிய எழுத்தில், மையில், நோட்டில் எழுதித் தரச் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன்.

அப்பத்தாவுக்கு மலையாளம் தெரியாது. அம்மச்சிக்குக் காது சரியாகக் கேட்காது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. அந்த ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து அந்த எண்ணுக்குப் போட்டாள். இரண்டாவது மணியில் எடுத்தார்கள்.